ஹாம் ரேடியோ: முதல் கருவியைக் கட்டுவதா, வாங்குவதா?

வெள்ளவத்தை அலை:
ஹாம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக வானொலி அலையில் ஒருவரோடொருவர் பேசுவதற்கு, புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்தவர்கள் முதல் கருவியைத் தாங்களே கட்ட வேண்டும் என்று கொட்டாஞ்சேனைத் தம்பி எழுதியிருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாங்கள் பரீட்சை எழுதியது பேசுவதற்கு. ஈயம் உருக்குவதற்கு அல்ல. 2004 சுனாமியில் தொலைபேசி அறுந்துகிடந்த அம்பாந்தோட்டையிலிருந்து ஹாம் வானொலியாளர்கள்தான் கொழும்புக்குச் செய்தி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட நாளில் நம்பகமான கருவி கையில் இருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைச் செப்புக்கம்பி:
அண்ணா, அந்த நாளில் கருவி பழுதானால் எந்தக் கடைக்கு ஓடுவீர்கள்? உள்ளே இருப்பதை அறிந்தவன்தான் திருத்துவான். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 5 வாட் வலுவில் அலை அனுப்பும் கருவி ஒன்றைக் கட்டிப் பாருங்கள். வேண்டாத அலைகளைத் தடுக்கும் வடிகட்டிக்கான சிவப்பு இரும்புத்தூள் வளையத்தில் எனாமல் கம்பியைச் சுற்றும்போது, துளைக்குள் ஒருமுறை நுழைந்தாலே ஒரு சுற்று. வெளிப்பக்கமாக எண்ணினால் கணக்குப் பிழைக்கும். சுற்றுகளை நகத்தால் நெருக்கினால் சுருளின் தூண்டல் (inductance) கூடும், விலக்கினால் குறையும். இதை எந்தப் புத்தகமும் விரலுக்குச் சொல்லித்தராது. கொழும்பின் வானொலியே இப்படித்தான் பிறந்தது: 1923இல் எட்வர்ட் ஹார்ப்பர் நடத்திய சோதனை ஒலிபரப்புக்கு, கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கியின் வானொலி உறுப்புகளைக் கொண்டே கருவி அமைத்தார்கள்.

வெள்ளவத்தை அலை:
ஹார்ப்பர் தந்தித் திணைக்களப் பொறியியலாளர், தம்பி. பரீட்சை எழுதி முடித்த மாணவனை அவரோடு நிறுத்தாதீர்கள். அவன் சுற்றிய வடிகட்டி பிழையானால் இருமடங்கான 14 மெகாஹெர்ட்ஸிலும் அலை கசியும். தொல்லைப்படுவது மற்றவர்கள்.

தெமட்டகொடை நேயர்:
இருவருமே அன்டெனாவை மறந்துவிட்டீர்கள். கடையில் வாங்கும் 100 வாட் கருவிக்கும் கட்டும் 5 வாட் கருவிக்கும் இடையில் வலு வித்தியாசம் 13 டெசிபெல்தான். எதிர்முனையில் கேட்பவரின் சமிக்ஞை மீட்டரில் இரண்டு படிக்குச் சற்றுக் கூட. 7 மெகாஹெர்ட்ஸ் இருமுனைக் கம்பி அன்டெனாவுக்கோ (dipole) ஏறத்தாழ 20 மீற்றர் நீளம் வேண்டும். மாடிக் குடியிருப்பில் அதை எங்கே கட்டுவது? அதை மடக்கி, வளைத்து, நீளத்தை வெட்டிச் சரிசெய்வதுதான் கொழும்புக்காரருக்கு முதல் கைவேலை. அதைக் கடையில் வாங்கவும் முடியாது.

கொட்டாஞ்சேனைச் செப்புக்கம்பி:
அன்டெனா பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பெட்டி என்றைக்கும் பூட்டிய பெட்டிதான். உதிரிப்பாகத்துக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு இருக்கும்போது ஏன் தயங்க வேண்டும்?

வெள்ளவத்தை அலை:
அப்படியானால் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள்: கட்டியதை முதலில், அன்டெனாவுக்குப் பதிலாக அலையை வெளியே விடாமல் வலுவை ஏற்கும் 50 ஓம் தடையியில் இணைத்து, 14 மெகாஹெர்ட்ஸ் கசிவை அனுபவசாலி ஒருவர் அளந்து பார்த்த பின்பே அன்டெனாவில் கொடுக்க வேண்டும். அதை எழுதினால், இரண்டாவது கருவியைக் கட்டச் சொல்லி நானும் சொல்வேன். முதலாவதை வாங்கட்டும்.