பழைய பண்ணை வீடுகள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக்கில் நான் பார்த்த பண்ணை வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். வெளியே நின்று பார்த்தால் 18-ஆம் நூற்றாண்டுச் செங்கல் வீடு. முகப்பு ஃபிளெமிஷ் பாண்ட் என்ற அடுக்குமுறை: ஒவ்வொரு வரியிலும் நெடுக்கே ஒரு கல், குறுக்கே ஒரு கல் என்று மாறி மாறி வரும். குறுக்குக் கல்லின் தலைகள் சூளைச் சூட்டில் கருநீலமாகியிருந்ததால் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

உள்ளே போனால் கதையே வேறு. தூண், உத்தரம் எல்லாம் ஓக் மரம். ஒரு உத்தரத்தின் அடியில் வரிசையாக வெற்றுத் துளைகள், பக்கத்திலேயே உளியால் கீறிய ரோம எண்கள். தச்சர்கள் சட்டத்தைத் தரையில் கோத்துப் பார்த்து, எது எதோடு சேரும் என்று குறித்துவைத்து, பிரித்து, அப்புறம் நிமிர்த்தியிருக்கிறார்கள். ஆக, வீடு மரவீடு. செங்கல் முகப்பு பிற்பாடு வந்தது. அந்த வட்டாரத்தில் வசதி வந்த விவசாயிகள் பலர் இப்படிச் செய்தார்கள். தெருவிலிருந்து தெரியாத பின்பக்கத்தில் பழைய சுண்ணாம்புப் பூச்சு அப்படியே இருந்தது.

எனக்கு வீட்டைவிடக் களஞ்சியம்தான் பிடித்தது. எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள். கதிர் ஏற்றிய வண்டி அப்படியே நுழையும் உயரம். இரண்டையும் திறந்துபோட்டு நடுவில் கதிரடித்துத் தூற்றினால் காற்றே பதரைக் கொண்டுபோய்விடும். எந்நேரமும் மழை வரும் ஊரில் வெட்டவெளிக் களம் சரிப்படாது. குளிர்காலம் முழுக்க இதற்குள்தான் வேலை. கதிர் புழுங்காமலிருக்க, சுவரில் இடையிடையே கல் வைக்காமல் காற்றுத் துளை விட்டிருந்தார்கள். உச்சியில் ஆந்தை நுழைய ஒரு பொந்து. எலியை அது பார்த்துக்கொள்ளும்!

மனசு கேட்காத விஷயம் ஒன்று. கல் இடுக்குகளை ஒரு மூலையில் யாரோ சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். சுண்ணாம்புச் சாந்து என்றால் சுவரின் ஈரம் அதன் வழியே வெளியேறும். சிமென்ட் அதற்கு வழிவிடாது. ஈரம் கல்லிலேயே தங்கி, பனியில் உறைந்து விரிந்து, கல்லின் முகம் உரிந்துவிடும். தொட்டதும் செம்பொடியாக உதிர்ந்தது. சாந்து கெட்டால் மாற்றிக்கொள்ளலாம், அந்தக் கல்லுக்கு எங்கே போவது?

மறுமொழி:

நீங்கள் சொன்ன காற்று விஷயத்தைப் படித்ததும் இங்கிலாந்தின் தென்கிழக்கே உள்ள கென்ட் ஞாபகம் வந்தது, அண்ணா. அங்கே பண்ணைகளில் ஓஸ்ட் ஹவுஸ் என்று செங்கல் கோபுரம் மாதிரி நிற்கும். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவை அந்தக் காலத்தில் உலர்த்திய இடம். கீழே நெருப்பு, மேலே சட்டம் அடித்த தளத்தில் குதிரைமுடித் துணி விரித்துப் பூவைப் பரப்புவார்கள். உச்சியில் வெள்ளை மரக்குல்லா. காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டே இருக்கும், புகைபோக்கு அடைபடாது. வட்டமாகக் கட்டினால் சூடு சமமாகப் பரவும் என்று 19-ஆம் நூற்றாண்டில் நிறையக் கட்டினார்கள். பிறகு கட்டச் சுலபம் என்று சதுரத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

எலி ஏறாமலிருக்கக் காளான் வடிவக் கல் மேல் தானிய அறையை நிறுத்துவார்களே, அதைக் கிட்டப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன்.