எமர்சனின் ‘நேச்சர்’ நாலாம் அத்தியாயத்தில் நிற்கிறது, ‘வால்டன்’ முதல் அத்தியாயத்தையே தாண்டவில்லை. எப்படிப் படிப்பது?

நீர்க்கோழி:

அமெரிக்க எழுத்தாளர் எமர்சனின் ‘நேச்சர்’ (1836), வால்டன் குளக்கரையில் வீடு கட்டி வாழ்ந்ததைப் பற்றித் தோரோ எழுதிய ‘வால்டன்’ (1854) இரண்டையும் ஆங்கில மூலத்திலேயே படிக்க வேண்டும். மூன்று இடங்களில் முட்டுகிறது.

ஒன்று: ‘நேச்சர்’ நூலில் ‘லாங்குவேஜ்’ அத்தியாயம் வந்ததும் பிடி நழுவுகிறது. ஒவ்வொரு வாக்கியமாகப் பார்த்தால் புரிகிறது, பத்தியாகச் சேர்த்தால் புரியவில்லை. ‘ரீசன்’ என்றால் தர்க்கம்தானே? அவர் அதை ஏதோ கடவுள் மாதிரி பேசுகிறார்.

இரண்டு: ‘வால்டன்’ தொடங்கியதும் பலகை என்ன விலை, ஆணி என்ன விலை என்று கடைக் கணக்கு. ‘எகானமி’ அத்தியாயத்தைத் தாண்டிப் போனால் குடி முழுகிவிடுமா?

மூன்று: “இதெல்லாம் நம்ம அத்வைதம்தான், கீதையைப் படித்துவிட்டு எழுதியது” என்று பலர் சொல்கிறார்கள். அப்படி வைத்துக்கொண்டு படித்தால் சுலபமாகுமா?

பழையபதிப்பு:

எமர்சனுக்கு மட்டும் சொல்கிறேன். தோரோவை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

முதலில் மற்றவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. எமர்சன் ‘நேச்சர்’ என்ற தலைப்பில் இரண்டு எழுதியிருக்கிறார். 1836இல் பெயர் போடாமல் வெளியிட்ட சிறு நூல் ஒன்று. 1844இல் ‘கட்டுரைகள், இரண்டாம் தொகுதி’யில் வந்த கட்டுரை இன்னொன்று. இணையத்தில் தேடுகிறவர்கள் பாதிப்பேர் இரண்டாவதைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் நூலின் பிரபலமான ‘கண்விழி’ப் பத்தி எங்கே என்று தேடுவார்கள். முன்னுரையும் எட்டு அத்தியாயங்களும் இருந்தால்தான் அது 1836 நூல்.

இனி ‘ரீசன்’. இன்றைய ஆங்கில அகராதியை மூடி வையுங்கள். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் ஒரு நூலை ஜேம்ஸ் மார்ஷ் 1829இல் அமெரிக்காவில் பதிப்பித்தார். அதன் வழியாகத்தான் ‘டிரான்ஸெண்டெண்டலிஸ்ட்’ என்று அழைக்கப்பட்ட எமர்சன், தோரோ கூட்டத்துக்கு இரண்டு சொற்கள் கிடைத்தன. ‘அண்டர்ஸ்டாண்டிங்’ என்பது கூட்டிக் கழித்து, ஒப்பிட்டு, நாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் புத்தி. ‘ரீசன்’ என்பது நேராகக் கண்டுகொள்வது, உள்ளுணர்வு. நாம் ‘பகுத்தறிவு’ என்று சொல்வது அவர் கணக்கில் அண்டர்ஸ்டாண்டிங் பக்கம் விழும். ரீசனைப் பகுத்தறிவு என்று மொழிபெயர்த்துக்கொண்டே போனால் நூல் முழுக்கத் தலைகீழாகிவிடும். விளக்கமும் நீங்கள் நின்ற அத்தியாயத்திலேயே இருக்கிறது: மனிதன் தனக்குள் உணரும் பொதுவான ஆன்மாவையே ரீசன் என்கிறான், அது என்னுடையதோ உன்னுடையதோ அல்ல, நாம்தான் அதனுடையவர்கள் என்கிறார். இரண்டு வரி தள்ளி, அறிவின் பக்கமிருந்து பார்த்தால் ரீசன், இயற்கையின் பக்கமிருந்து பார்த்தால் ‘ஸ்பிரிட்’ என்று முடிச்சுப் போடுகிறார். இந்த இரண்டு வரியையும் ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

‘நேச்சர்’ என்ற சொல்லும் அதே கதைதான். முன்னுரையிலேயே இரண்டு பொருள் தருகிறார். தத்துவப் பொருளில் ‘நான் அல்லாதது’ எல்லாம் நேச்சர். உங்கள் கை, கால், உடம்பு உட்பட. வழக்குப் பொருளில் மனிதன் கைபடாத வெளி, காற்று, ஆறு, இலை. எந்த இடத்தில் எது என்று அவர் சொல்ல மாட்டார், பென்சிலால் ஓரத்தில் 1, 2 என்று நாம்தான் குறித்துக்கொண்டு போக வேண்டும்.

‘லாங்குவேஜ்’ அத்தியாயம் மூன்றே படிதான். சொற்கள் இயற்கைப் பொருள்களின் அடையாளங்கள். அந்தப் பொருள்கள் மனநிலைகளின் குறியீடுகள். மொத்த இயற்கையும் ஸ்பிரிட்டின் குறியீடு. முதல் படிக்கு அவர் தரும் சான்று: ‘ரைட்’ என்றால் முதலில் நேரானது, ‘ராங்’ என்றால் முறுக்கியது, ‘ஸ்பிரிட்’ என்றால் காற்று. தமிழில் படிப்பவருக்கு இது கைக்கு அருகிலேயே இருக்கிறது. நேர் என்பதிலிருந்து நேர்மை. கோணல் புத்தி என்கிறோம். இட்லிப் பானையிலிருந்து எழுவதும் ஆவி, செத்தவனிடமிருந்து போவதும் ஆவி. இவற்றை வைத்து முதல் படியில் ஏறிவிட்டால் அடுத்த இரண்டும் வாதமாகத் தெரியும், புதிராகத் தெரியாது.

பத்தியாகச் சேர்த்தால் புரியவில்லை என்பதற்குக் காரணம் உங்களிடம் இல்லை. எமர்சன் தன் நாட்குறிப்பைச் சேமிப்பு வங்கி என்பார். அதிலிருந்து வாக்கியங்களை எடுத்து வந்துதான் பத்தி கட்டுவார். “ஆகவே”, “ஏனெனில்” எல்லாம் பெரும்பாலும் இராது. அடுத்தடுத்த வாக்கியங்கள் ஒரே விஷயத்தை வேறு பக்கமிருந்து சொல்பவை. பத்தியில் எந்த வாக்கியம் சுமை தாங்குகிறது என்று ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டு, மற்றதை உதாரணமாகக் கொண்டால் போதும்.

இன்னொரு வழி: ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். 1832இல் விலகும்வரை பாஸ்டனில் பிரசங்க மேடையில் நின்றவர். முடிவில் ஒரு படி மேலே ஏற்றிவிட்டுத்தான் இறங்குவார். ‘பியூட்டி’ அத்தியாயம் முழுக்க அழகைக் கொண்டாடிவிட்டு, இயற்கையின் அழகு முடிந்த முடிவல்ல, உள்ளே இருக்கும் அழகுக்குக் கட்டியம் கூறுவது மட்டுமே என்று முடிக்கிறார். அது தெரிந்தால் அடுத்தது ஏன் மொழியைப் பற்றி என்பது தானாக விளங்கும்.

கண்விழிப் பத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரும் மேற்கோள் காட்டுவது “நான் ஒளி ஊடுருவும் கண்விழி ஆகிறேன், நான் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் காண்கிறேன்” என்பதை. அதற்குச் சற்று முன்னால் அவர் நிற்பது மலை உச்சியில் அல்ல. அந்தி நேரம், மேகம் மூடிய வானம், உருகிய பனி குட்டையாகத் தேங்கிய வெறும் பொட்டல். காரணமே இல்லாமல் பயத்தின் விளிம்பு வரை சந்தோஷம் வருகிறது. அத்தியாயத்தின் முடிவிலோ நேர் எதிர்: நண்பனைப் பறிகொடுத்தவனுக்கு அதே நிலக்காட்சி இளப்பமாகத் தெரியும், இயற்கை எப்போதும் மனத்தின் நிறத்தையே உடுத்திக்கொள்கிறது என்கிறார். நூல் வெளிவந்த அதே 1836இல், அதற்குச் சில மாதம் முன்பு மே மாதத்தில்தான் அவர் தம்பி சார்ல்ஸ் இறந்தார். இந்தக் கடைசிப் பத்தியை விட்டுவிட்டுக் கண்விழியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவது நாட்காட்டியில் அச்சடிக்கத்தான் உதவும்.

கரையோரம்:

தோரோ என் பங்கு. குடி முழுகாது, ‘எகானமி’யைத் தாண்டுங்கள், ஆனால் திரும்பி வர வேண்டும்.

மொத்தம் 18 அத்தியாயங்கள். அவற்றில் நீளமானது முதலாவதுதான், பாதிப்பேர் அங்கேயே கழன்றுகொள்கிறார்கள். வரிசையை இப்படி மாற்றலாம்: 2, 4, 5, 9, பிறகு 16, 17, அதன்பின் 1. மற்றவை எப்படியும் பிறகு தானாக இழுக்கும். ஒன்பதாவது (‘குளங்கள்’) கோடைநீர், பதினாறாவது (‘பனிக்காலக் குளம்’) உறைந்த நீர். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் அவர் வேலைசெய்யும் விதம் பிடிபடும்.

பதினாறாவதை எடுத்துக்கொள்வோம். வால்டன் குளத்துக்கு அடியே இல்லை என்று ஊரில் பேச்சு. அவர் 1846 தொடக்கத்தில், பனிக்கட்டி உடையுமுன், திசைகாட்டியும் சங்கிலியும் ஆழம்பார்க்கும் கயிறுமாகப் போகிறார். மீன்பிடி நூலில் ஒன்றரைப் பவுண்டு எடையுள்ள கல். கல் தரையைத் தொட்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தரையில் கிடக்கும் கல்லைக் கிளப்பும்போது, அடியில் தண்ணீர் புகும்வரை இழுவை கூடுதலாக இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அளந்து, அதிக ஆழம் 102 அடி என்கிறார். அதற்குப்பின் நீர்மட்டம் ஏறியதால் 5 அடி சேர்த்து 107. வரைபடத்தில் மிக நீளமான கோடும் மிக அகலமான கோடும் வெட்டும் இடத்திலேயே மிக அதிக ஆழம் இருப்பதைக் கவனிக்கிறார். அடுத்த பக்கத்தில் அதே விதியை மனிதனின் குணத்துக்குப் போட்டுப் பார்க்கிறார்: அவன் அன்றாட நடத்தையின் நீள அகலக் கோடுகள் எங்கே வெட்டுகின்றனவோ அங்கே அவன் ஆழம். இடையில் ஒரு வாக்கியம்: இந்தக் குளம் ஒரு குறியீடாக இருக்கும்படி ஆழமாகவும் தூய்மையாகவும் அமைந்ததற்கு நன்றி என்கிறார். இந்தக் கடைக் கணக்கில் ஆன்மிகம் எங்கே என்று கேட்டால், இங்கேதான். கல், நூல், அடிக்கணக்கு இல்லாமல் அவரிடம் அது வராது.

இதைப் படித்தபின் ‘எகானமி’யின் கணக்கைப் பாருங்கள். 10 அடிக்கு 15 அடி வீடு, மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். பலகை 8 டாலர் 3½ சென்ட், ஆணி 3.90, சாக்பீஸ் 1 சென்ட். சுண்ணாம்பு 2.40 என்று போட்டு, பக்கத்தில் “இது அதிகம்” என்று ஒரு முனகல். பூச்சில் கலக்கும் மயிர் 31 சென்ட், “தேவைக்கு மேல் வாங்கிவிட்டேன்.” வண்டிக்கூலி 1.40, “பெரும்பகுதியை முதுகில் சுமந்தேன்.” வியாபாரிகளின் மொழியை எடுத்து அவர்கள் மேலேயே திருப்புகிறார். ஒரு பொருளின் விலை என்பது அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய வாழ்நாளின் அளவு என்று அவர் சொல்லும் வரிதான் அத்தியாயத்தின் திறவுகோல். ஃபிட்ச்பர்க் ஊருக்கு 30 மைல், ரயில் கட்டணம் 90 சென்ட், கிட்டத்தட்ட ஒருநாள் கூலி. நான் இப்போதே நடந்தால் இருட்டுமுன் போய்ச் சேர்வேன், நீ கட்டணத்துக்கு உழைத்துவிட்டு நாளைக்கு வருவாய் என்று கணக்குப் போடும் இடத்தில் சிரிப்பு வரவில்லை என்றால் வேகமாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். வேகத்தைக் குறையுங்கள், மனிதர் வரிக்கு வரி சிலேடை போடுகிறவர்.

அடிக்கடி நேரும் பிழை ஒன்று: நூலை நாட்குறிப்பாக எடுத்துக்கொள்வது. குளக்கரையில் அவர் இருந்தது 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை. நூலில் அது ஒரே ஆண்டாகச் சுருக்கப்பட்டு, கோடையில் தொடங்கி வசந்தத்தில் முடிகிறது. வெளிவர மேலும் ஏழு ஆண்டுகள், பல தடவை திருத்தி எழுதினார். “எமர்சனின் நிலத்தில்தானே இருந்தான், ஊருக்குள் போய்ச் சாப்பிட்டானே, இவனென்ன துறவி” என்று இணையத்தில் குதிக்கிறவர்களுக்கு: அவர் துறவி என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. எப்போதாவது வெளியில் சாப்பிட்டதை ‘எகானமி’யிலேயே எழுதியிருக்கிறார். ‘கிராமம்’ என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது.

மூன்றாம்ஜாமம்:

அத்வைதக் கேள்விக்குத் தேதிகளே பதில் சொல்லும். சார்ல்ஸ் வில்கின்ஸின் கீதை மொழிபெயர்ப்பு 1785இல் வந்தது. எமர்சன் கைக்கு அது வந்தது 1845 வாக்கில். ‘நேச்சர்’ 1836, ‘ஓவர்-சோல்’ கட்டுரை 1841. கீதையைப் பற்றி அதற்கு முன்பும் அங்கங்கே படித்திருக்கிறார், அதை மறுக்கவில்லை. ஆனால் ‘நேச்சர்’ நிற்கும் அடித்தளம் பிளாட்டோ, அவர் வழிவந்த பிளோட்டினஸ், கோல்ரிட்ஜ், ஸ்வீடன் நாட்டு ஞானி ஸ்வீடன்போர்க். முதல் பதிப்பின் முகப்பு வாசகமே பிளோட்டினஸிடமிருந்துதான். 1849 பதிப்பில் அதை எடுத்துவிட்டுத் தன் கவிதையைப் போட்டார்.

கருத்திலும் வேறுபாடு உண்டு. ‘ஐடியலிசம்’ அத்தியாயத்தில் உலகம் தோற்றம்தானோ என்று கேட்கும்போது நமக்கு மாயை நினைவுக்கு வரும், அங்கே நிறுத்திவிடுவோம். அடுத்த ‘ஸ்பிரிட்’ அத்தியாயத்தில் அந்த நிலை போதாது என்று அவரே தள்ளுகிறார். உலகம் கடவுளின் தூரத்து, தாழ்ந்த அவதாரம் என்கிறார். பொய் என்று சொல்லவில்லை.

இந்தியத் தொடர்பு உண்மையாக வேண்டுமென்றால் 1857 நவம்பரில் ‘அட்லாண்டிக்’ மாத இதழின் முதல் இதழில் வந்த ‘பிரம்மா’ கவிதைக்குப் போங்கள். கொல்பவன் தான் கொன்றதாக நினைத்தாலும், கொல்லப்பட்டவன் தான் செத்ததாக நினைத்தாலும் இருவரும் அறியாதவர்கள் என்று தொடங்குகிறது. கீதை இரண்டாம் அத்தியாயம் தெரிந்தவருக்கு உரையே வேண்டாம். அன்றைய அமெரிக்க வாசகர்கள் புரியாமல் கேலிக் கவிதைகளாக எழுதித் தள்ளினார்கள்.

தோரோவின் பதினாறாம் அத்தியாயக் கடைசியில் சென்னையும் வருகிறது. வால்டனில் பனிக்கட்டி வெட்டுகிறார்கள். மெட்ராஸ், பம்பாய், கல்கத்தாவில் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்றில் குடிக்கிறார்கள், நான் காலையில் கீதையில் குளிக்கிறேன், வால்டன் நீர் கங்கையோடு கலக்கிறது என்று எழுதுகிறார். வெறும் கற்பனை அல்ல. ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் பாஸ்டன் பகுதிப் பனிக்கட்டியைக் கப்பலில் இங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. மெரினா எதிரே 1842இல் அதற்காகக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். ஆனால் “வால்டன் பனிக்கட்டி திருவல்லிக்கேணிக்கு வந்தது” என்று எழுதிவிடாதீர்கள். 1846–47 குளிர்காலத்தில் வெட்டி அடுக்கிய அந்தக் குவியலில் பெரும்பகுதி அங்கேயே கிடந்து, 1848 செப்டம்பர் வரை மெல்ல உருகி, குளத்துக்கே திரும்பியது என்று அதே அத்தியாயத்தில் அவரே சொல்கிறார்.

நீர்க்கோழி:

நன்றி. நேர்–நேர்மை, ஆவி இரண்டையும் வைத்துக்கொண்டு ‘லாங்குவேஜ்’ மறுபடி படித்தேன், பிடிபட்டது. இன்னும் இரண்டு: ‘ஓவர்-சோல்’ என்பதைக் குறிப்பில் பரமாத்மா என்று எழுதிக்கொள்ளலாமா? இவற்றை முடித்தபின் எது?

பழையபதிப்பு:

பரமாத்மா வேண்டாம். கோயில், வழிபாடு, பக்தி எல்லாம் கூடவே வந்துவிடும். ஒவ்வொரு தனி உயிரும் எதற்குள் அடங்கியிருக்கிறதோ அந்த ஒன்று என்றுதான் அவர் விளக்குகிறார். பேருயிர் என்று எழுதிக்கொள்ளலாம், அல்லது ஓவர்-சோல் என்றே விட்டுவிடலாம்.

அடுத்ததாக, இந்தக் கூட்டம் 1840 முதல் 1844 வரை நடத்திய ‘டயல்’ காலாண்டிதழை அங்கங்கே புரட்டுங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் ஆசிரியர் மார்கரெட் ஃபுல்லர். அவருடைய ‘சம்மர் ஆன் த லேக்ஸ்’ (1844), மேற்கே பெரும் ஏரிகளுக்குப் போனது பற்றி. நயாகரா முன் நின்று, எதிர்பார்த்த உணர்ச்சி வரவில்லை என்று ஒளிக்காமல் எழுதுகிறார். எமர்சனுக்குப் பின் அதைப் படிக்க நன்றாக இருக்கும்.

ஆனால் அதற்கும் முன்னால் எமர்சனின் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ (1844). மூத்த மகன் வால்டோ 1842 ஜனவரியில் ஐந்து வயதில் இறந்தபின் எழுதியது. ஒரு நல்ல சொத்தை இழந்தது போல இருக்கிறது, அதற்கு மேல் என்னால் அதை நெருங்க முடியவில்லை என்கிறார். கண்விழிப் பத்தியை ஒரு பக்கம், இதை ஒரு பக்கம் திறந்து வைத்துப் படியுங்கள்.