டார்க் மேட்டர் நிஜமாவே இருக்கா, இல்ல கணக்கு இடிக்குதுன்னு சொல்லி வச்சதா?

சேலம்_ஜங்ஷன்:
ஏற்காட்டுல பகோடா பாயிண்ட் பக்கம் ராத்திரி பைனாகுலர்ல ஆண்ட்ரோமெடா பார்த்தோம், அதாங்க நம்ம பக்கத்து கேலக்ஸி, பெரிய நட்சத்திரக் கூட்டம், மங்கலா ஒரு வெள்ளைத் தீற்றல் அவ்ளோதான். கூட வந்த மாமா பையன் சொல்றான், அதுல கண்ணுக்குத் தெரியறதை விட, டார்க் மேட்டர்ங்கற தெரியாத எடைதான் பல மடங்கு அதிகமாம். எந்த மெஷின்லயும் சிக்காத பொருள், ஆனா அண்டத்துல 27 சதவீதம்னு மட்டும் கரெக்டா சொல்றாங்க. எப்படிங்க எடை போட்டாங்க?

அஸ்தம்பட்டி_பிசிக்ஸ்:
வேகத்தை வச்சுதான் தம்பி. புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர்ல ஓடுது, நெப்டியூன் அஞ்சரைதான், ஏன்னா எடை பூரா நடுவுல சூரியன்ல இருக்கு, தள்ளிப் போகப் போக இழுவை குறையுது. கேலக்ஸியிலயும் வெளிச்சம் நடுவுலதான் அதிகம், அப்ப ஓரத்துல இருக்கறது மெதுவா போகணும்ல? 1970ல வேரா ரூபின், கென்ட் ஃபோர்டுன்னு ரெண்டு வானியல்காரங்க நீங்க பார்த்த அதே ஆண்ட்ரோமெடாவை அளந்தாங்க, எதிர்பார்த்த மாதிரி வேகம் குறையவே இல்ல. ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல கண்ட ஸ்பீடுல திருப்பினா வண்டி பள்ளத்துலதான் கெடக்கும், இது மட்டும் பிச்சுக்கிட்டுப் போகாம சுத்துதுன்னா ஏதோ பிடிச்சு வச்சிருக்கு. 1933லயே ஸ்விக்கிங்கற வானியலாளர் கோமா கேலக்ஸிக் கூட்டத்துல இதே கூத்தைப் பார்த்துட்டாரு, அப்ப யாரும் பெருசா கண்டுக்கல.

காப்பித்தோட்டம்:
அவசரப்படாதீங்க சார். யுரேனஸ் பாதை இடிச்சப்ப, தெரியாத கோள் ஒண்ணு இழுக்குதுன்னு லெவெரியேங்கற பிரெஞ்சு வானியலாளர் சொன்னாரு, 1846ல நெப்டியூன் கெடச்சுது. அதே மனுஷன் புதன் பாதை இடிச்சதுக்கும் வல்கன்னு ஒரு கோளைச் சொன்னாரு, அப்படி ஒண்ணு இல்லவே இல்ல, 1915ல ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே மாத்தினப்புறம்தான் கணக்கு நேராச்சு. இது மட்டும் வல்கன் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க? 1983ல மில்க்ரோம்ங்கற இயற்பியலாளரும் டார்க் மேட்டர் வேணாம், விதியைத்தான் மாத்தணும்னு சொன்னாரு.

அஸ்தம்பட்டி_பிசிக்ஸ்:
நல்ல கேள்வி. தனி கேலக்ஸிக்கு மில்க்ரோம் கணக்கு நல்லாவே ஒத்துவருது, மறுக்கல. ஆனா புல்லட் கிளஸ்டர் பாருங்க, ரெண்டு கேலக்ஸிக் கூட்டம் மோதினதுல சாதாரணப் பொருள்ல பெரும்பங்கான சூடான வாயு உரசி பின்தங்கி நிக்குது, எடை இருக்கற இடத்துல ஒளி வளையும், அத வச்சு எடை எங்கன்னு பார்த்தா அது வாயுவைத் தாண்டி முன்னாடி போயிருச்சு. வெறும் விதியை மட்டும் மாத்தினா எடை எப்படிங்க தனியா கழண்டு போகும்?

காப்பித்தோட்டம்:
அது என் வாதத்துக்கு அடிதான், ஒத்துக்கறேன். ஆனா இத்தாலியில மலைக்கு அடியில டார்க் மேட்டர் துகள் வந்து மோதுதான்னு பார்க்க, டன் கணக்குல திரவ செனான் வாயுவை வச்சுக்கிட்டு காத்துக் கெடக்காங்க, ஒரு துகள் கூட உறுதியா மாட்டலையே.

சேலம்_ஜங்ஷன்:
அப்ப 27 போக மீதி?

அஸ்தம்பட்டி_பிசிக்ஸ்:
நாம, மலை, நட்சத்திரம் எல்லாம் சேர்ந்தே 5தான். 68 டார்க் எனர்ஜி, அண்டம் வேகமா விரியறதுக்குக் காரணம்னு சொல்றது, அது வேற பஞ்சாயத்து, தனி த்ரெட் போடுங்க.