சுங்கை சிப்புட் சொந்தங்கள் (மலேசியக் குடும்பக் குழு)

பெரியம்மா, இரவு 8.12
தீபா, தம்பி குமரனுக்குக் கேமரா விட்டுப் பார்த்ததன் முடிவு வந்துவிட்டதா?

தீபா, 8.20
இன்றுதான் ஈப்போ ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் பெரியம்மா. உணவுக்குழாயில் ஒவ்வாமையாம். இயோசினோஃபிலிக் இசோஃபஜைட்டிஸ் என்று பெயர். ஆறு இடங்களில் கிள்ளி எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். இயோசினோஃபில் என்ற வெள்ளையணுவுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு பார்வைப் பரப்பில் 15 இருந்தாலே சந்தேகப்படுவார்களாம். இவனுக்கு 42.

கோபி மாமா, 8.23
அப்படியானால் மூன்று வருடமாக கேஸ்டிரிக் மருந்து குடித்தது வீண்தானா?

தீபா, 8.27
அந்த மருந்திலேயே சிலருக்கு இந்த நோய் அடங்கிவிடுமாம் மாமா. இவனுக்கு அடங்கவில்லை. கிளினிக்கை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கோழியை நகத்தளவு பிய்த்து, வாய்க்கு வாய் தண்ணீர் குடித்து, பந்தியில் கடைசி ஆளாக எழுந்திருப்பான். புதுப்பெண் சாப்பிடுகிறாள் என்று நாமெல்லாம் கேலி செய்தோமே. இறங்காமல்தான் அப்படிச் சாப்பிட்டிருக்கிறான்.

கோபி மாமா, 8.28
அடைத்துக்கொண்டால் சோற்றுருண்டையோ வாழைப்பழமோ விழுங்கச் சொல்.

தீபா, 8.29
வேண்டவே வேண்டாம் மாமா. எச்சில்கூட இறங்கவில்லை என்றால் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுதான்.

செல்வி அத்தை, 8.31
மூன்று பேரைப் பார்த்தீர்களாமே. வயிற்று டாக்டர் ஒருவர் போதாதா?

தீபா, 8.40
நானும் அப்படித்தான் நினைத்தேன் அத்தை. வயிற்று டாக்டர் ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுக்கலாம் என்றார். உறிஞ்சக் கூடாது, வாயில் அடித்து விழுங்க வேண்டும். பக்கத்திலிருந்த ஒவ்வாமை டாக்டர், ஆஸ்துமாவுக்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு இழுக்கிறானே, மொத்தக் கணக்கு என்ன என்று கேட்டார். மருந்தையும் பத்தியத்தையும் சேர்த்துத் தொடங்கினால் எதனால் குணமானது என்றும் தெரியாதாம். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் இந்த நோய்க்குச் சரியாக வழி காட்டாதாம். கடைசியில் முதலில் பத்தியம் என்று முடிவானது. பாலும் கோதுமையும் 8 வாரம் கிடையாது. பிறகு மறுபடியும் கேமரா. உணவியல் நிபுணர் எடையையும் கால்சியத்தையும் பார்த்துக்கொள்வார். தனித்தனியாகப் போயிருந்தால் ஆளுக்கொரு சீட்டோடு வந்திருப்போம்.

செல்வி அத்தை, 8.42
நடுவில் தீபாவளி வருகிறதே!

தீபா, 8.44
அதற்காகத்தான் குழுவில் எழுதுகிறேன். பாவம் பிள்ளை என்று யாராவது ஒரு டம்ளர் பால் கலந்த மைலோவை நீட்டினால் அந்த 8 வாரமும் போய்விடும். ரொட்டி சானாய் (பரோட்டா), தே தாரிக் (பால் தேநீர்), தயிர், நெய் முறுக்கு எதுவும் வேண்டாம். பால் சேர்க்காத தே ஓ குடிக்கலாம். தொண்டை சரியாகிவிட்டது என்று அவனே சொன்னாலும் நம்பாதீர்கள். வெளியே சுகமாகத் தெரிந்தாலும் உள்ளே அழற்சி இருக்குமாம்.

பெரியம்மா, 8.58
கண்ணாடி போட்டுக் கிச்சாப் (சோயா சாஸ்) பாட்டிலைப் படித்தேன். சோயாவுக்குப் பக்கத்தில் மலாயில் 'கண்டும்' என்று போட்டிருக்கிறது. கோதுமைதானே அது?

தீபா, 8.59
அதேதான் பெரியம்மா! எனக்கே தோன்றவில்லை.

பெரியம்மா, 9.03
சனிக்கிழமை இங்கே வரட்டும். இடியாப்பமும் சொதியும் வைக்கிறேன். இரு, தேங்காய்ப்பாலும் பால்தானே?

குமரன், 9.05
அது மாட்டுப்பால் இல்லை பெரியம்மா, தாராளமாக ஊற்றுங்கள். ஆனால் மெதுவாகத்தான் சாப்பிடுவேன்.

பெரியம்மா, 9.06
விடிய விடியச் சாப்பிடு. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.