கேமரா மெமரி கார்டில் எந்த எண்ணைப் பார்த்து வாங்கினீர்கள்?

ராயபுரத்திலிருந்து:
மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, விடியற்காலையிலேயே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இருந்தேன். ஒருவர் தோளில் பெரிய வஞ்சிரம். சுற்றிலும் ஏலம் கேட்கிற கூட்டம். விரலை எடுக்காமல் அழுத்தினேன். சடசடவென்று ஓடிக்கொண்டிருந்த கேமரா இருபது படத்தோடு நின்றுவிட்டது. கார்டு பக்கத்துச் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. அது அணைவதற்குள் மீன் கைமாறி, ஐஸ் பெட்டிக்கே போய்விட்டது.

கார்டில் நொடிக்கு 100 எம்பி (மெகாபைட்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன். அது படிக்கும் வேகமாம். படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது உதவும், அவ்வளவுதான். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அது மூலையில் பொடியாக இருக்கிறது. ஆங்கில 'யூ' வாளி மாதிரி இருக்குமே, அதற்குள் 1 என்றால் நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட், 3 என்றால் 30. என் வாளியில் இருந்தது 1. வீடியோ எடுப்பவர்கள் 'வி30' இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் 30தான். நொடிக்கு 100 மெகாபிட் ஓடும் 4கே வீடியோவுக்கு நொடிக்கு 12.5 மெகாபைட் ஆகும் (8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்). 10-ஐ மட்டும் நம்பி இறங்க முடியாது.

தண்டையார்பேட்டையிலிருந்து:
தம்பி, உன் கார்டு மெதுவாகவாவது எழுதியது. நான் கல்யாண வேலை பார்ப்பவன். 128 ஜிபி கார்டு பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் வாங்கினேன். கேமராவில் போட்டால் 128 என்றுதான் காட்டியது, ஃபார்மேட்டும் ஆனது. மறுநாள் கம்ப்யூட்டரில் திறந்தால் நலங்கு வரைக்கும் படம் பளிச்சென்று இருக்கிறது. அதற்கப்புறம் எல்லாம் சாம்பல் கட்டம்! பெயர் இருக்கிறது, படம் இல்லை. உள்ளே இருந்தது 8 ஜிபி சிப். 128 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். தாலி கட்டும் படத்தை வீடியோவிலிருந்து வெட்டிக் கொடுத்தேன். பெண்ணின் அம்மா பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இப்போதெல்லாம் புதுக் கார்டு வந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள் அது. மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். இன்னொன்று, ஒரு கல்யாணத்தை ஒரே கார்டில் அடைப்பதில்லை. 32 ஜிபியில் நான்கு வைத்திருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து:
என் கதை வேறு. அப்பாவின் பழைய கேமராவில் 32 ஜிபி கார்டைப் போட்டால் 'கார்டு பிழை' என்றது. கார்டு நல்ல கார்டு. ஆனால் 2006-க்கு முந்தைய கேமராக்கள் பொதுவாக 2 ஜிபிக்கு மேல் படிக்காதாம். 2 ஜிபி வரை சாதா எஸ்டி கார்டு, 4 முதல் 32 வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. உருவம் மூன்றுக்கும் ஒன்றுதான், அதனால்தான் ஏமாந்தேன். கடைசியில் எம்.சி. ரோடு பக்கம் ஒரு செல்போன் கடை டிராயரின் அடியில் 2 ஜிபி கார்டு ஒன்று கிடைத்தது. சும்மா எடுத்துக்கொண்டு போ என்றார் கடைக்காரர்.

மறுபடி ராயபுரம்:
வி30 வாங்கிவிட்டேன் அண்ணே. இதைவிட வேகமான யூஎச்எஸ்-2 கார்டும் காட்டினார்கள். அதில் கூடுதலாக இருக்கும் இரண்டாவது வரிசை உலோகத் தொடர்புகளுக்கு என் கேமராவில் வழியில்லை, வேண்டாம் என்றேன். நீங்கள் சொன்ன சோதனையும் முடிந்தது, பிழை ஒன்றுமில்லை. ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அதுவரை மொட்டை மாடியில் காக்காதான்.