சிறப்புப் பள்ளிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள்: மனு கொடுக்கலாமா, பேசிப் பார்க்கலாமா?

ஏரியூர் அம்மா:
என் பையனுக்கு 9 வயது, அறிவுசார் குறைபாடு, அடையாள அட்டையில் 60 சதவீதம். ஊர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. கடைசி வரிசையில் உட்காரவைத்துப் பழைய நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், சாயங்காலம் வரைக்கும் கிறுக்கிக்கொண்டிருக்கிறான். போன வாரம் ஹெச்.எம். கூப்பிட்டு, "தருமபுரியில் சிறப்புப் பள்ளி எதிலாவது சேர்த்துடுங்கம்மா" என்றார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். கொடுத்தால் பையன் மேல் கோபத்தைக் காட்டுவார்களோ என்று பயம்.

காரிமங்கலம் வாத்தியார்:
கொடுக்காதீங்கம்மா. மனு போனால் மேலிருந்து விளக்கம் கேட்பார்கள், நாங்கள் பதில் எழுதுவோம், உங்கள் பையன் ஒரு ஃபைல் ஆகிவிடுவான், அவ்வளவுதான். என் அறையில் மூன்று வகுப்பு ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் எப்போதாவது வருவார், அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு எத்தனை பள்ளி! முதலில் டீச்சரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

ஊத்தங்கரை அப்பா:
உட்கார்ந்து பேசியே என் மகளுக்கு மூன்று வருடம் போச்சு சார். அவளுக்குச் சக்கர நாற்காலி, நான் கேட்டது ஒரு சாய்தளம். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிய பிறகுதான் கொத்தனார் வந்தார். வந்தும் என்ன, செங்குத்தாகக் கட்டிவிட்டுப் போனார், பாதி ஏறும்போதே நாற்காலி பின்னால் உருள்கிறது, முழங்காலை முட்டுக்கொடுத்துப் பிடித்தேன். இரண்டாவது கடிதத்தில் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று அளவோடு எழுதினேன். எழுதாவிட்டால் நாம் கேட்டதாகவே கணக்கில்லை.

அம்மா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 31. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம், படிப்பு இலவசம். ஹெச்.எம். முடிவு செய்கிற விஷயமே இல்லை.

காரிமங்கலம் வாத்தியார்:
சட்டம் எனக்கும் தெரியும். தொடக்கப் பள்ளியில் இப்படி 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2022இல் மத்திய அரசே சொன்னது. எங்கே அந்த ஆள்? இல்லாத ஆளுக்காக எங்கள் மேல் மனுவா?

ஊத்தங்கரை அப்பா:
அந்த ஆள் வேண்டும் என்றே மனு போடட்டுமே. நீங்களும் சேர்ந்து கேட்க வேண்டியது சார் அது.

காரிமங்கலம் வாத்தியார்:
சரி, அது ஞாயம். ஆனால் "நல்லா கவனிக்கணும்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. பையனுக்கு எழுத்து தெரியுமாம்மா?

ஏரியூர் அம்மா:
தெரியாது என்கிறார் டீச்சர். ஆனால் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் ஒகேனக்கல் வண்டி வந்தால் நகரவே மாட்டான், ஏரியூர் போர்டைப் பார்த்தால் என் முந்தானையைப் பிடித்து இழுப்பான்.

காரிமங்கலம் வாத்தியார்:
வண்டி நிறத்தை வைத்துச் சொல்லலாம்.

ஏரியூர் அம்மா:
இரண்டும் ஒரே நிறம்தான் சார்.

காரிமங்கலம் வாத்தியார்:
அப்போ அவன் படிக்கிறான்மா! அதை எழுதுங்கள். முன் வரிசை, ஊர்ப் பெயர் அட்டைகள், தினமும் பதினைந்து நிமிடம். இதை எந்த டீச்சராலும் முடியாது என்று சொல்ல முடியாது. பிரிவு எண் மட்டும் வேண்டாம், பார்த்தாலே முகம் மாறும்.

ஊத்தங்கரை அப்பா:
மாறட்டும். எண்ணை விடாதீங்கம்மா.

ஏரியூர் அம்மா:
எழுதிவிட்டேன், பிரிவு கடைசி வரியில். நாளை டீச்சர் கையில் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை தருமபுரி பஸ். பையனையும் கூட்டிப்போகிறேன், போர்டை அவனே பார்த்துச் சொல்லட்டும்.