1992 டியூக்–கென்டக்கி கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம்: டேப்பில் கடைசி 2.1 விநாடி மட்டும் ஓடவில்லை

கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இருக்கிறேன். 1992 மார்ச் 28 அன்று இந்த ஆட்டத்தை டிவியிலிருந்து பதிவு செய்த விஎச்எஸ் வீடியோ டேப் ஒன்று நண்பர் வீட்டில் கிடைத்தது. அமெரிக்கப் பதிவு, அந்நாட்டு டிவி முறையான என்டிஎஸ்சி, ஒரே டேப்பில் அதிக நேரம் பிடிக்கும் மெதுவான இபி வேகம்.

ஓவர்டைமில் ஷான் வுட்ஸ் பந்தைப் போட்டு கென்டக்கி 103–102 என முன்னேறும் வரை படம் தெளிவு. மீதி 2.1 விநாடி. டியூக்கின் கிராண்ட் ஹில் மைதானத்தின் மறுமுனையிலிருந்து பந்தை வீசக் கையை ஓங்குகிறார், அங்கேயே படம் உருளத் தொடங்கிவிடுகிறது. அவர் அணியின் லெய்ட்னர் பந்தைப் பிடிப்பது, ஒரு முறை தட்டித் திரும்புவது, டியூக்குக்கு 104–103 என வெற்றி தரும் அந்த வீச்சு, எதுவுமே தெரிவதில்லை. ஒலியும் விட்டுவிட்டு வருகிறது. வீட்டார் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்களாம். டேப்பின் கீழ் ஓரம் அங்கே கசங்கியிருக்கிறது.

டேப்பை ஹெட் சரியாகப் படிக்கும்படி பொருத்தும் டிராக்கிங்கை மாற்றிப் பார்த்தேன். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்தேன். முழுவதும் முன்னும் பின்னும் சுற்றினேன், அப்புறம் வேறொரு விசிஆரிலும் (டேப் ஓட்டும் கருவி) போட்டேன். அதே இடம், அதே கோளாறு. கடைக்காரர் கசங்கிய துண்டை வெட்டி ஒட்டலாம் என்றார். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், எங்களுக்கு வேண்டியதே அந்தத் துண்டுதான். இணையத்தில் அந்த வீச்சு எங்கும் கிடைக்கும், தெரியும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அன்று பார்த்த ஒளிபரப்பு, நடுவில் வந்த உள்ளூர் விளம்பரங்களோடு, இதில்தான் இருக்கிறது.

டேப்பை வெட்டாமல், கசங்கிய ஓரத்தைச் சரிசெய்து டிஜிட்டலாக மாற்ற எந்த முறை கைகொடுக்கும்?